மேற்பார்வையாளர் விட்டுவைத்த புதர்

எங்கள் மேற்பார்வையாளர் என் அக்கா கணவர்தான். 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. ஓடைக்கரையை வெள்ளம் அரித்து, வண்டல் மூடி மரங்கள் பட்டுப்போனதால், மறுபடியும் காடு வளர்க்க இவரை அனுப்பினார்கள்.

தானாக முளைத்து மண்ணைப் பிடித்திருந்த புதர்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "அசிங்கமா இருக்கு, எல்லாத்தையும் வெட்டிப் போடுங்க." வெட்டிய இடத்தில் நூல் பிடித்து வரிசையாகக் கன்றுகள் நட்டோம். ஒரே ஒரு புதரை மட்டும் விட்டுவைத்தார். அவசரத்துக்கு ஒதுங்க அவருக்கு மறைவு வேண்டுமாம்.

முதல் வெள்ளத்திலேயே கன்றுகள் கரையோடு போய்விட்டன. அந்தப் புதரும் அதன் அடிமண்ணும் அசையவில்லை. பார்வையிட வந்த பெரிய அதிகாரி, "இது மட்டும் எப்படிங்க நின்னுச்சு?" என்று வியந்தார்.

மனிதர் கொஞ்சமும் கூசவில்லை. "இதை மட்டும் நானே நேர்ல கவனிச்சுக்கிட்டேன் சார்."

அதில் பொய்யில்லை. தினமும் இரண்டு வேளை கவனித்தார்.