அண்ணாச்சியும் ஆண்ட்ரோமீடாவும்

வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றபோதுதான் செல்லையா அண்ணாச்சி காலமான செய்தி வந்தது. அவருடைய மகள் போனில் சொன்னாள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் ஏற வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு நின்றேன். நம் வானம் பார்க்கும் குழுவில் அவரை அறியாதவர் உண்டா? சந்தையில் மட்டி வாழைக்குலை வியாபாரி. தொலைநோக்கி முன்னால் கேள்வி வியாபாரி.

தோவாளை வயலோரம் அவர் முதலில் வந்த மாலை உங்களுக்கும் நினைவிருக்கும். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். வாய் சும்மா இருக்காது. விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, கடைசியில் எல்லாம் அணைந்து குளிர்ந்துவிடும் என்று பிரசங்கம் செய்தேன்.

"அப்பம் கடைசியில பக்கத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாவளா?" என்று கேட்டார்.

"இருக்க மாட்டாங்க" என்றேன், பரீட்சைத்தாள் திருத்துகிற குரலில். அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது பிறகுதான் தெரியவந்தது. வெட்கமாகிவிட்டது.

பரிகாரமாக ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தைக் காட்ட நினைத்தேன். மூன்று வாரம் மழைமேகம் விடவில்லை. நான்காம் வாரம் இருட்டியதும் அகப்பட்டது.

"பழத்துல பூத்த பூசணம் மாதிரில்லா இருக்கு!"

"இது நம்ம பக்கமா வருது அண்ணாச்சி. எவ்வளவோ கோடி வருஷம் கழிச்சு நம்ம பால்வீதியோட சேந்திரும்" என்று அடித்துச் சொன்னேன்.

"எல்லாம் போவுதுன்னு சொன்ன, இது மட்டும் வருதா?" கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "கொஞ்சம் நில்லுங்கடே, வந்துட்டு இருக்குல்லா" என்றார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு கட்டுரை படித்தேன். புதிய கணக்கின்படி இரண்டும் சேரலாம், சேராமல் விலகியும் போகலாம். அவரோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் 'அது வருது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதா, விடுவதா? நான்கு நாள் குழம்பினேன். அவரிடம் பொய்யை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. போய்ச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டார். கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

"அப்பம் இன்னும் முடிவாவலியா மக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. முடிவாயிட்டுன்னா பெறவு என்னத்தைப் பாக்க?" தலையணையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "சரி, சேருமா சேராதான்னு எதை வச்சாக்கும் கணக்குப் போடுகாவ? சொல்லு."

அரைமணி நேரம் சொன்னேன். மகள் கஞ்சி கொண்டுவந்தாள். பொறு என்று கைகாட்டினார்.

தன் முடிவு தெரிந்துவிட்ட மனிதர், இன்னும் முடிவாகாத ஒன்றைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.