சித்திக்கு ஒரு ஜீப்

இந்த ஊரில் மீசை நரைத்த ஆண்கள் சனிக்கிழமை மதியம் பொம்மைக் கடையில் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்காக அல்ல, தங்களுக்காகவே; பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் குட்டி வண்டியும் விமானமும் செய்ய. பர்மிங்ஹாமுக்கு வந்த புதிதில் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். உள்ளே கூட்டிப் போனவர் ஹாரி. தொழிற்சாலையில் எனக்கு அடுத்த லேத்தில் நிற்பவர்; உலகப் போரில் ராணுவ லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று கேட்டார். துணி துவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றேன். அடுத்த சனிக்கிழமையே கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார்.

கடைக்குள் போனதும் நான் எடுத்தது பெரிய டாங்கி. பெட்டி மேலே படம் அப்படி. ஹாரி அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். "முதல் தடவை இது வேண்டாம். சக்கரம் மட்டுமே முப்பதுக்கு மேல் இருக்கும், ஒட்டி முடிப்பதற்குள் வெறுத்துவிடுவாய். துண்டுகள் குறைவாக, ஒரே நிறம் அடித்தால் போதும் என்கிற மாதிரி ஒன்றை எடு. அதைவிட முக்கியம், நீ கண்ணால் பார்த்த வண்டியாக இருக்கட்டும். தப்பு செய்தால் உனக்கே தெரியும்." கீழ்த்தட்டில் ஒரு ஜீப் இருந்தது. பெட்டியைத் திறந்தால் கொடியில் காய் தொங்குவதுபோலப் பச்சைத் துண்டுகள். ஸ்டியரிங் இடது பக்கம்.

பாகலூரில் எங்கள் சித்தப்பா வைத்திருந்ததும் அதே ஜீப்தான். போர் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட வண்டியைப் பெங்களூரில் ஏலத்தில் எடுத்து வந்தார். முட்டைக்கோஸ் மூட்டை ஏற்ற, குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் அதுதான். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. அதனால் வலது பக்கம் சித்தி உட்காருவாள். எட்டிப் பார்த்து, "இப்பப் போ" என்று சித்தி சொன்னால்தான் சித்தப்பா மாட்டு வண்டியை முந்துவார். திரும்ப வேண்டுமென்றால் வளையல் குலுங்க அவள்தான் கையை நீட்டுவாள். ஆள் முகத்தைப் பார்த்தே "ஓரம் போங்க", "தாரி பிடி", "பக்ககு ஜரகண்டி" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையிலும் கத்துவாள். சந்தைக்குள் நுழைந்தால் ஆடுகள்கூட ஒதுங்கும்.

அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அவள். அவளிடம்தான் பொய் சொல்லிவிட்டு வந்தேன். மெட்ராஸில் ஆறு மாதப் பயிற்சி என்றேன். கப்பல் வழியில் ஏடன் துறைமுகத்தில் நின்றபோது உண்மையை எழுதினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் சித்தப்பாவின் கடிதம் மட்டும்தான் வந்தது. கடைசி வரி எப்போதும் ஒன்றே: உன் சித்தி சௌக்கியம்.

ஜீப்பைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் கேட்டார், "மகனுக்கா?"

"இல்லை, என் சித்திக்கு."

"அவர் ராணுவத்தில் இருந்தாரா?"

"இல்லை. ஜீப்பில் வலது கை அவருடையது," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "மிகவும் வருந்துகிறேன்" என்றார். ஒரு தூரிகையை இலவசமாகப் பெட்டியோடு கட்டிக் கொடுத்தார். அவருக்கு என்ன புரிந்தது என்பதை வெளியே வந்த பிறகு ஹாரி விளக்கினார்: ஜீப் விபத்தில் சித்திக்கு வலது கை போய்விட்டது என்று நினைத்துவிட்டாராம். நடுத்தெருவில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சக்கரத்தை உள்பக்கம் வெளியே தெரிய ஒட்டினேன், பிய்த்து மறுபடி ஒட்டினேன். பசை பட்ட விரலால் முன் கண்ணாடியைத் தொட்டுவிட்டேன், ரேகை அப்படியே பதிந்துவிட்டது. வீட்டுக்காரம்மா நாற்றம் தாங்காமல் குளிரிலும் ஜன்னல்களைத் திறந்து போட்டாள். உலர்ந்ததும் பஞ்சில் பொதிந்து கப்பல் தபாலில் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு எழுத நாலு தாள் கிழித்தேன். கடைசியில் 'சித்திக்கு, முனிராசு' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. சித்தியின் கையெழுத்து.

"முனிராசு, வண்டி வந்துச்சு. கண்ணாடியில உன் கைரேகை இருக்குது. தொடச்சுப் பாத்தேன், போவல. இருக்கட்டும்னு உட்டுட்டேன். சித்தப்பா தெனமும் எடுத்து வெச்சுக்கிட்டு வாயாலயே ஆரன் அடிக்கிறாரு. எம்மேல உனக்கு என்னடா பயம்? சொல்லிட்டுப் போயிருந்தா அழுதிருப்பேன், அவ்வளவுதான். அது கெடக்கட்டும். என் எடத்துல எவனோ ஒரு சிப்பாயை ஒக்கார வெச்சிருக்கியே, அவனுக்குத் தெலுங்கு தெரியுமா, கன்னடம் தெரியுமா? பேத்து எடுத்துட்டேன். உங்க ஊர்க்காரன், உங்கிட்டயே இருக்கட்டும்."

பெட்டியிலிருந்த படத்தில் இருந்தபடியே அந்தச் சிப்பாயை ஒட்டியிருந்தேன். இப்போது துணியில் சுருட்டி, கட்டைவிரல் நகம் அளவில் திரும்பி வந்திருந்தான். "சொந்த ஊரிலிருந்தா?" என்று ஹாரி கேட்டார். ஆமாம் என்றேன். பர்மிங்ஹாமை 'உங்க ஊர்' என்று சித்தி எழுதியதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

உட்கார்ந்த வடிவில் இருப்பதால் அந்தச் சிப்பாயை நிறுத்தவும் முடியவில்லை, படுக்க வைக்கவும் மனம் வரவில்லை. ஜன்னலோரம் டீத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். முழங்காலை மடக்கி, வண்டியில் போவதாகவே நினைத்துக்கொண்டு, பர்மிங்ஹாம் மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.