இடுப்பளவில் ஓர் ஆணி

எங்கள் பள்ளி நூலக அறைக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில், என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கும். காலண்டர் மாட்டவும் உதவாது, கடிகாரம் மாட்டவும் உதவாது. என் புடவைதான் அதில் தவறாமல் மாட்டும். பிடுங்கிப்போடச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், சொன்னதில்லை. அதை அடித்தவர் லைப்ரரி மேடம்.

நூலக அறை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். அவர் ஓய்வுபெற்ற பிறகு அங்கே டெஸ்ட்தான் நடக்கிறது. புத்தக பீரோக்களைப் பின்சுவரோடு தள்ளிப் பெஞ்சு போட்டுவிட்டார்கள். சாவி கீழே ஆபீசில். லைப்ரரி பீரியடும் கணக்கு டீச்சரான என் தலையில்தான். தாம்பரம் ரயிலில் நின்றே வந்த காலோடு நாள் முழுக்கக் கத்திவிட்டு, கடைசிப் பீரியடில் அங்கே போய் உட்காரும்போது எனக்கு எதுவுமே வேண்டாம் என்றிருக்கும்.

மேடத்திடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. கேட்டால் பதில் சொல்லமாட்டார். பீர்க்கன்கரணையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் ஓடிவந்தாள். "மேடம், எங்க வூட்டாண்ட ஏரில ஒரு பறவ வந்துகினே கீது. கறுப்பா, மூக்கு வளஞ்சி. அது பேரு இன்னா மேடம்?" அன்று காலைதான், ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு வரும் பஸ் ஜன்னல் வழியே அதே அரிவாள்மூக்கனை எனக்குக் காட்டிப் பெயரும் சொல்லியிருந்தார் மேடம். இப்போது கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "தெரியலையேம்மா. அந்த பீரோல தேடிப் பாத்து எனக்கும் சொல்லேன்" என்கிறார்! பறவையைத் தேடிப்போனவள் தவளைப் புத்தகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒருவழியாகப் பெயரோடு வந்து நின்றபோது, அப்போதுதான் கேட்பவர்போல மேடம் வாயைப் பிளந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன மேடம்? ரிவிஷன் கெடக்கு அவளுக்கு" என்றேன்.

"சொல்லிட்டா போயிடுவா மிஸ்" என்றார். அவ்வளவுதான்.

புத்தகங்கள் கிழிகின்றன, காணாமல் போகின்றன என்று ஒருமுறை கரஸ்பாண்டென்ட் வந்து சத்தம் போட்டார். எல்லா பீரோவையும் பூட்டியே வைக்க வேண்டும் என்று உத்தரவு. மேடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. அன்று சாயங்காலம் வாட்ச்மேனிடம் சுத்தியல் வாங்கிவந்து, குனிந்து இந்த ஆணியை அடித்தார். சாவிக்கொத்தை அதில் மாட்டினார். "பூட்டச் சொன்னாரு, பூட்டிட்டேன். பசங்க கைக்கு எட்டாத இடத்துல சாவிய மாட்டணும்னு சொல்லலையே மிஸ்!" மறுநாளிலிருந்து பிள்ளைகளே பூட்டைத் திறந்தார்கள், அவர்களே மறுபடி பூட்டினார்கள். புத்தகம் காணாமல் போவதும்கூடக் குறைந்தது.

போன வாரம் மழை. டெஸ்ட் பேப்பர் வந்து சேரவில்லை. ஆறாம் வகுப்பு, கடைசிப் பீரியட். சும்மா தலையைக் கவிழ்த்துப் படுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் கண்ணை மூடினேன். கதவோரத்துப் பெண் ஒருத்தி விடவில்லை.

"மிஸ், இந்த ஆணி ஏன் இவ்ளோ கீழ இருக்கு?"

சொல்லியிருப்பேன். சொன்னால் அவளும் படுப்பாள், நானும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. "தெரியலையேம்மா. தேடிப் பாத்து எனக்கும் சொல்லேன்" என்று எப்படிச் சொன்னேனோ, அந்த மேடத்துக்கே வெளிச்சம்.

அவள் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் நின்று உயரம் பார்த்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே புகுந்து பின்சுவர்வரை போனாள். பீரோக் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பூட்டை ஆட்டினாள். திரும்பி ஓடிவந்தாள்.

"மிஸ், அது சாவி மாட்டுற ஆணி. எங்களுக்குத்தான் கரெக்டா எட்டுது. சாவி எங்க மிஸ்?"

படுத்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஆபீஸ் இரண்டு மாடி கீழே. கால் வலித்தது. எழுந்தேன்.