அரைச் சுற்றுத் தளர்வு

அண்ணையின் இடுப்பை முறித்தது நான்தான். தொண்டைமானாற்று வளைவு அல்ல. ஊர் சொல்வதுபோல் அந்தோனி மாஸ்ரரின் கையும் அல்ல. என் கை.

அது டயர் கிடைக்காத யுத்த காலம். ஆனாலும் நெல்லியடியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போய்த் திரும்பும் சைக்கிள் போட்டி நடந்தது. எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயம் அல்ல; ஒவ்வொருவராக விடுவார்கள், கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். அதில் உண்மையான எதிரி காற்று. ஆகவே முதலில் ஹாண்டிலைத் தாழ்த்தினேன். அடுத்து, முழங்கைகளை ஒடுக்கிப் பிடிக்க அண்ணையைப் பழக்கினேன். மூன்றாவது ஆசனம்... அங்கேதான் போட்டி விதி குறுக்கே நின்றது.

பெடல் அச்சுக்கு நேரே ஒரு நூலைத் தொங்கவிடுவார்கள். ஆசனத்தின் மூக்கு அந்த நூலுக்கு இரண்டு அங்குலமாவது பின்னே இருக்கவேண்டும். அண்ணைக்கோ நீண்ட தொடை. விதிப்படி வைத்தால், குனியும்போது முழங்கால் நெஞ்சில் இடித்தது. முன்னே தள்ளினால் இடிக்கவில்லை.

கொழும்பில் இயந்திரப் படம் வரையப் பயின்றவள் நான். ஒரு வழி கண்டேன். ஆசனத்தை விதிப்படி வைத்து, அதன் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆசனத்தைத் தாங்கும் அடிக் கம்பிகளில் கிறீஸ் பூசினேன். அளக்கும்போது அசையாது, ஏறி மிதித்ததும் முன்னே வழுக்கி, கம்பியின் வளைவில் இறுகிக்கொள்ளும். அண்ணையிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறமாட்டார்.

அளந்தவர் அந்தோனி மாஸ்ரர். நெல்லியடியில் தங்கித் தேகப்பயிற்சி படிப்பிக்கும் குருநகர்க்காரர். நூலைத் தொங்கவிட்டு, ஆசனத்தின் கீழே இலேசாகக் கை வைத்துப் பார்த்து, "சரி, பிள்ளை" என்றார்.

பிறகு சைக்கிளுக்குப் பூசை. திருநீறு பூசி, சந்தனம் வைத்து, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்போதுதான் பயம் பிடித்தது. பாதை முழுக்கக் குண்டும் குழியும்... அந்த அதிர்வில் நட்டு முழுதாகக் கழன்றால்? இதை நான் ஏன் யோசிக்கவில்லை?

"அண்ணை, ஒருக்கா நட்டை இறுக்கிவிடுறன்."

"விசரே உனக்கு? பூசை முடிஞ்ச சைக்கிளிலை ஆரும் ஸ்பானர் வைப்பினமே?"

பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி சிரித்தான். "உன்ரை தங்கச்சிக்கு முருகனிலும் பார்க்க ஸ்பானரிலைதான் நம்பிக்கை."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அண்ணை இறங்கியிருப்பார். ஆனால் அத்தனை பேர் முன்னும் நான் கள்ளியாகியிருப்பேன். விலகி நின்றேன். பழம் நசிந்தது. அண்ணை போனார்.

தொண்டைமானாற்று வளைவில் ஆசனம் கழன்று விழுந்தவரை மாட்டுவண்டிலில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள்.

ஊர் மாஸ்ரரைப் பிடித்துக்கொண்டது. நட்டுக்குக் கிட்டக் கை வைத்தவர் அவர் ஒருவர்தானே... கிறிஸ்தவ வேதக்காரர், வேண்டுமென்றே செய்தார் என்றுகூடக் கதைத்தார்கள்.

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருநாள் என்னைத் தனியே கண்டு கேட்டார். "நீ படிச்ச பிள்ளை. உண்மையைச் சொல்லு. என்ரை கை பட்டு நட்டு இளகியிருக்குமோ?"

"இருக்கலாம், மாஸ்ரர்" என்றேன்.

அதன்பின் அவர் எவரையும் மறுத்துப் பேசவில்லை. தன் கைதான் என்று தானே நம்பத் தொடங்கிவிட்டார்.

ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறார். கைத்தடியில்லாமல் நடக்கமுடியாத அண்ணையின் காலுக்கு எண்ணெய் போட்டு நீவுகிறார். அண்ணை அவருக்கு முகம் கொடுப்பதில்லை. நான் குசினியில் அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இலேசாகக் கை பட்டு நட்டு இளகாது என்று மாஸ்ரர் ஒருநாள் யோசித்துவிடுவாரோ? நான் இறுக்கக் கேட்டது அண்ணைக்கு நினைவு வந்துவிடுமோ? இல்லை... இருவருக்கும் ஒருபோதும் எதுவும் தோன்றாமலே போய்விடுமோ?

உங்களிடம் சொல்ல முடிந்தது, அவரிடம் முடியாதா என்று கேட்பீர்கள். இன்று ஞாயிறு. படலை திறக்கிற சத்தம் கேட்கிறது.

"பிள்ளை, உன்ரை அண்ணை எழும்பிட்டாரோ?"

"ஓம், மாஸ்ரர். வாங்கோ."

எண்ணெயைச் சுடவைக்க எழும்புகிறேன்.