வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜெயப்ரியாவின் அப்பா கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். அவள் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். கல்யாணமாகி நகருக்குள் டாலிகஞ்ச் வந்த பிறகு, சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு சிறு அமைப்பு நடத்தும் சனிக்கிழமை வகுப்பை எடுத்துக்கொண்டாள். வகுப்பென்றால் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து பேசுவதுதான். குழந்தை சாப்பிட மறுக்கிறது, அடம்பிடித்துக் கத்துகிறது என்று வருவார்கள். பாதிப் பேருக்குத் தூங்காத கண்கள். அழத் தோன்றினால் அழலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

சரிதா மழைக்காலத்தில் வந்து சேர்ந்தாள். கணவன் சிவராஜ் வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறவன். மூன்று வயது அசோக்கோடு அவள் தனியாக இருந்தாள். அன்று எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, நான் அவனை ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டப் போனேன்."

ஜெயப்ரியா பாயில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவன் ஓயாமல் கத்தியதையும், தனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததையும், அவனை இழுத்துப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்ததையும் சரிதா சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"நான் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. அசோக் என் பக்கத்துல நிக்கறான். திறந்து பாத்தா யாரும் இல்லக்கா."

எலியாக இருக்கும் என்று சொல்ல வந்த ஜெயப்ரியா அதை விழுங்கிக்கொண்டாள். "பூட்டாம நிறுத்திட்டீங்க இல்ல, இன்னிக்கு அது போதும்," என்றாள். மறுநாள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள்.

பழைய வீட்டின் கீழ்த்தளம். மாடிப்படிக்குக் கீழே அந்த அறை. குழந்தை எதற்குப் பயப்படுகிறதென்று தெரிய அதன் உயரத்துக்கு இறங்க வேண்டும் என்று வகுப்பில் சொல்பவள், உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். நின்றபோது கதவில் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்ததும் தெரிந்தது. அடிப்பகுதியில், பெயின்ட்டுக்குக் கீழே, நகக் கீறல்கள். பலகையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள். அவள் விரலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த சிவராஜ் வீட்டுக்காரருக்குப் போன் செய்தான். வீட்டை வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, முன்பு யார் இருந்தார்களென்று தனக்குத் தெரியாது என்றார் அவர்.

அறை வாசலில் நின்ற அசோக், "ஓ காந்த்சே," என்றான். அழுகிறதாம். அவன் தமிழைவிட வங்காளம்தான் அதிகம் பேசுவான்.

"அழுதா நாம என்ன செய்யலாம் கண்ணா?" என்று ஜெயப்ரியா கேட்டாள். அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது.

சிவராஜ் கீல்களைக் கழற்றிக் கதவைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தான். அசோக் முன்னால் போய் இருட்டுக்குள் கையை நீட்டி, "ஏஷோ," என்றான். வா என்று. காத்திருந்தான். அவன் விரல்கள் மெல்ல எதையோ சுற்றி மூடிக்கொண்டன. பிறகு, தன்னைவிடச் சின்னதொன்றை நடத்திக் கூட்டிப்போவதுபோல அடி அடியாக வராந்தாவுக்கு நடந்தான். வெளியே வந்து தரையில் உட்கார்ந்திருந்த ஜெயப்ரியா கால்களை மடக்கி வழி விட்டாள், இரண்டு பேர் போகிற அளவுக்கு.

அதன் பிறகு தட்டும் சத்தம் கேட்கவில்லை. சரிதா சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். கோபம் தலைக்கேறினால் அசோக்கை, அவன் மாஷி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுச் சற்று நேரம் தனியாக நிற்கப் பழகியிருக்கிறாள். வெளியே கிளம்பும்போது அசோக் வாசலில் கொஞ்சம் நிற்பான், யாரோ செருப்பு மாட்டி முடிக்கக் காத்திருப்பதுபோல. சரிதா அவனை அவசரப்படுத்துவதில்லை.