அழுகண்ணிக்குப் போட்ட வேலி

அஸீஸா ராத்தாவுக்கு வேலி என்றால் உயிர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, தில்லையடி அகதி முகாமில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் காணியில் குடியிருந்தவர். சண்டை ஓய்ந்த பிறகு வண்ணாத்திவில்லுவில் அரை ஏக்கர் சொந்தமானதும், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன்னே முட்கம்பி வாங்கினார் என்றால் பாருங்களேன். தண்ணீர் நிற்கும் ஒரு மூலை மட்டும் அடைபடாமல் கிடந்தது.

மாரி முடிந்ததும் அந்த மூலையின் ஈரமணலில் காசளவில் சிவப்புச் செடிகள் தெரிந்தன. இலை நிறையப் பனித்துளி. உச்சி வெயிலிலும் அது காயவில்லை. தொட்டால் பசை, ஒரு கொசு ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காணி டொறத்திதான் பெயர் சொன்னார்: அழுகண்ணி. முன்பு இந்தப் பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் இருந்ததாம். மண் நிரப்பிக் கச்சான் கடலை போட்ட பிறகு இங்கே மட்டும்தான் மிச்சமாம்.

“அழுதழுது திங்கிது. கேம்பில நாங்களும் அப்பிடித்தானே,” என்றார் ராத்தா. அன்றோடு அந்தச் செடி அவருக்குச் சொந்தக்காரியாகிவிட்டது.

டொறத்தியின் மாடுகள் அதை மிதித்துத் திரிவதை அவரால் பொறுக்க முடியவில்லை. வாய்ச்சண்டை முற்றி, இருவருக்கும் கதை பேச்சு நின்றது. மூலையிலும் கம்பி ஏறியது.

அடுத்த மாரிக்குப் பிறகு பதினொரு செடிதான் இருந்தது. அதற்கடுத்த வருஷம் முழங்காலளவு புல். அழுகண்ணி ஒன்றுகூட இல்லை. ராத்தா அங்கேயே குந்தி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியபோதுதான் கம்பிக்கு வெளியே பார்த்தார். மாடுகள் புல்லைக் கடித்து மிதித்துப்போட்ட மணலில், ஐந்தாறு சிவப்புச் செடிகள் சுகமாக இருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ராத்தாவின் ரோஷம் அடுத்த தெருவில் இருக்கும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் டொறத்தியின் வாசலில் போய் நின்றார்.

“டொறத்தி அக்கா, உங்கட மாட்ட எங்கட காணிக்குள்ள விடுங்க. பிழ என்ட பக்கம்தான்.”

டொறத்தி மாடுகளை அவிழ்த்தார். ராத்தா அந்த மூலைக் கம்பியைத் தன் கையாலேயே கழற்றினார்.

இந்த மாரித் தண்ணீர் வற்றியதும் மூவரும் போய்ப் பார்த்தோம். குளம்பு பதிந்த ஒவ்வொரு குழியிலும் சிவப்பு. அறுபது வரை எண்ணினேன், பிறகு கணக்குத் தப்பிவிட்டது. அந்த இடத்துக்கு ஒரு படலைக் கதவாவது போட்டுத் தரட்டுமா என்று டொறத்தி கேட்டார்.

“வாணாம்,” என்றார் ராத்தா. “தொறந்தே கெடக்கட்டும்.”