அல் ஐனில் இருக்கும் கடைசி ஆட்டக்காரர்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அல் ஐன் போய் வந்தேன். அல் ஐன் என்றதும் பேரீச்சந்தோப்பு, ஹஃபீத் மலை, மிருகக்காட்சிசாலை என்று தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோப்பைப் பற்றி நாலு வரி இருக்கிறது. மலைக்கு நான் போகவே இல்லை. எழுபதுகளில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய ஒருவரைப் பார்க்கப் போனேன். பார்த்துவிட்டு வந்த பிறகு மலை ஏறுகிற தெம்பு இல்லை.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் செங்கல், கம்பி, கான்கிரீட் கணக்குப் பார்ப்பது என் வேலை. எனக்கும் ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தைவிட அதை ஆடியவர்கள் பார்த்த மற்ற வேலைகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்தில் பல பேருக்கு ஆட்டத்தில் வந்த சம்பளம் வீட்டுக்குப் பற்றாது. சீசன் முடிந்ததும் ஒருவர் இன்சூரன்ஸ் விற்பார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பார், ஒருவர் லாரி ஓட்டுவார். ஸ்டேடியம் முழுக்கக் கத்திக் கொண்டாடிய ஆள், நாலு மாதம் கழித்து உங்கள் வீட்டு வாசலில் பாலிசி பேப்பரோடு நிற்பார். அப்படிப்பட்டவர்களைப் பற்றி எங்கே கிடைத்தாலும் படிப்பேன்.

எங்கள் ஆபீசுக்கு மீட்டிங் வந்த மார்க் என்ற எஞ்சினியரிடம் இதைச் சொன்னபோது, "என் அப்பா ஆடினவர்தான்" என்றார். மார்க்குக்கு மேற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் ருவைஸில் வேலை. அப்பா டேல் அல் ஐனில் இருக்கிறார், வயது எழுபத்தாறு. வீடு மாற்றினால் அப்பாவுக்குத் தடுமாறும் என்பதால் பழைய வீட்டை விடாமல் வைத்திருக்கிறார். வார நாட்களில் பார்த்துக்கொள்ள ஒரு தமிழர் இருக்கிறார். "போய்ப் பாருங்கள். ஆனால் என்ன வேலை பார்த்தேன் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள்" என்றார் மார்க். மறதி என்று நினைத்துக்கொண்டேன். தலையில் அடி வாங்கியே பிழைத்தவர்கள்தானே.

முசஃபாவிலிருந்து அல் ஐன் சுமார் 150 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத் தோப்பில் நடக்கலாம் என்பது என் திட்டம். பனி மூட்டம் அதைக் கெடுத்தது. சாலைக்கு மேலே இருக்கும் பலகைகளில் வேகம் 80 என்று எரிந்தது. எண்பதாவது ஒன்றாவது, முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் மணல் இருப்பதாக நம்பித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஒன்றரை திர்ஹத்துக்குக் கரக் டீ குடித்தேன். டீ கொடுத்த மலையாளி, "சேச்சி, மெதுவா போங்க, யல்லான்னு விரட்டாதீங்க" என்றார். போய்ச் சேர ஒன்பதாகிவிட்டது.

தோப்புக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பனி விலகாததால் ஆள் நடமாட்டமும் இல்லை. மண்சுவர்களுக்கு நடுவே நடந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கூடவே வருகிறது, மரங்கள் இடுப்பு வரைக்கும்தான் தெரிகின்றன. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

டேலின் வீடு ஊருக்குள் ஜீமி என்ற பகுதியில், உயரமான மதில் உள்ள பழைய ஒற்றை மாடி வீடு. கதவைத் திறந்தவர் கதிரேசன், ஐம்பது வயது இருக்கும். முதுகுளத்தூர் பக்கம். முன்பு ருவைஸில் சாரம் கட்டும் வேலையில் இருந்தவர். டேலைத் தூக்கி உட்காரவைக்கத் தெம்புள்ள ஆள் வேண்டும் என்று மார்க்தான் கேட்டு அழைத்துவந்தாராம். ஆறு வருடம் ஆகிவிட்டது. எனக்கு அருப்புக்கோட்டை என்றதும் 'மேடம்' போய் 'தங்கச்சி' வந்துவிட்டது.

டேல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாற்காலியே சின்னதாகத் தெரியும் உடம்பு. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்திருந்தன. அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன். ஆடாத மாதங்களில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"கணக்கு வாத்தியார்" என்றார் உடனே. சாக்பீஸ் தூள் இருமல் கொடுத்ததைச் சொன்னார். பின்ன வகுத்தல் வராமல் அழுத ஒரு பையனைச் சொன்னார். அவ்வளவு தெளிவு. எங்கே மறதி என்று மார்க்கின் மேல் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

டீ வந்தது. குடித்துவிட்டு மறுபடி பேசியபோது, பிணவண்டி ஓட்டியதாகச் சொன்னார். குரல் தாழ்ந்து, இழுத்து இழுத்து வந்தது. அதுவரை வலது கையில் பிடித்திருந்த கோப்பை இடது கைக்கு மாறியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, சவப்பெட்டி ஆடாமல் வளைவுகளில் எப்படித் திருப்புவது என்று இரண்டு கைகளாலும் காட்டினார். அது முடிந்து பத்து நிமிடத்தில் வீடு வீடாக இன்சூரன்ஸ் விற்றவராகிவிட்டார். அந்த ஆளுக்குச் சிரிப்பு ஜாஸ்தி. அதே முகம்தான், ஆனால் அதில் வேறு ஒருத்தர் சிரித்தார். தண்ணீர் வேண்டும் என்று சாக்குச் சொல்லி சமையலறைக்குப் போனேன்.

"பயந்துட்டீகளா?" என்றார் கதிரேசன். "அதெல்லாம் அவுக கதை இல்ல தங்கச்சி. கூட ஆடுனவுக கதை. அந்த டீம்ல ஒரு பழக்கம். ஒருத்தர் செத்துட்டா மிச்சம் இருக்கவுக ஃபோன்ல கூடுவாக. அதுல ஒருத்தர் 'நான்'னு ஆரம்பிச்சு, செத்தவரு கதையச் சொல்லணும். பொறந்தது, பாத்த வேலை, ஆடுனது எல்லாம். செத்தவரே வந்து சொல்லிட்டுப் போற மாதிரி. போன வருசம் கடைசி ஆளும் போயிட்டாரு. இப்ப இவுக ஒருத்தருதான்."

"அதனால் எல்லார் கதையையும் இவரே சொல்றாரா?"

"எல்லாரும் இவுகளுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டாக. ஃபோன் வந்த மறுநாளே அந்த ஆளா மாறிருவாக. ஆனா செத்தவுக கதை மட்டுந்தான். உசுரோட இருந்தவுக கதைய ஒரு நாளும் சொன்னதில்ல."

நல்ல பழக்கம்தான், வயதாகி மூளை குழம்பியதும் அது ஒன்றே மனதில் தங்கிவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன். கதிரேசன் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

டேல் இப்போது முன்னால் குனிந்து, இரண்டு முழங்கைகளையும் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். "எங்கள் அப்பாவுக்கு மிளகாய்த் தோட்டம்" என்றார். "மழை பெய்தால் உண்டு. இல்லையென்றால் முள் மரம்தான். அதை வெட்டிக் கரி போடுவோம்." டெக்சாஸ் என்று எழுதிக்கொண்டேன். அங்கே மிளகாயும் உண்டு, அந்த முள் மரமும் உண்டு. "கரி மூட்டத்தின் மேல் மண் பூசியிருப்போம். மேலே நடக்கலாம் என்று பந்தயம் கட்டினேன். பதினாறு வயது. கால் உள்ளே போய்விட்டது. பக்கத்துக் காட்டுப் பெண் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அவள் தெருவும் எங்கள் தெருவும் பேசிக்கொள்ளாது. அதனால் யாரிடமும் அவள் பெயரைச் சொல்லவில்லை. நானே தப்பித்து வந்தேன் என்று சொன்னேன்."

சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பினேன். கதிரேசன் வாசலில் ஈரக் கையோடு நின்றார்.

"இது என் கதை" என்றார்.

அவர் வலது காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே தோல் சுருங்கி வழுவழுவென்று இருந்தது.

"நீங்க எப்பவாவது சொல்லியிருப்பீங்க அண்ணே. குளிப்பாட்டும்போது பேச்சுவாக்குல."

"மிளகாத் தோட்டம் சொல்லிருக்கேன், கரி போட்டது சொல்லிருக்கேன். அந்தப் புள்ளய என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல." அப்படியே தரையில் உட்கார்ந்தார். வரும் வியாழக்கிழமை லீவில் ஊருக்குப் போவதாகவும், நெஞ்சு வலிக்கிறதால் மதுரையில் ஆஞ்சியோ பார்க்க நாள் குறித்திருப்பதாகவும் அப்போதுதான் சொன்னார். "செத்தவுக கதை மட்டுந்தான் சொல்லுவாகன்னு இப்பத்தான் உங்ககிட்டச் சொன்னேன். நான் பொழச்சு வரமாட்டேன் போல தங்கச்சி."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இங்கிலீசு பாதிதான் புரியும், கேக்க வராது. நீங்க கேளுங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க."

எனக்குக் கேட்க விருப்பமில்லை. ஆனால் அந்த மனிதர் பதில் தெரியாமல் விமானம் ஏறப்போகிறார். கேட்டேன்.

டேல் நிதானமாகச் சொன்னார். "அரபு நாட்டுக்கு வந்தேன். சாரம் கட்டினேன். பிறகு ஒரு பெரிய உடம்புக்காரரைப் பார்த்துக்கொண்டேன். அவருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, நான்தான் போடுவேன். ஒரு நாள் காலையில் எழுப்பினேன், அவர் எழுந்திருக்கவில்லை. கலாஸ், முடிந்தது. நான் ஊருக்குப் போனேன். பஸ் நின்றது. என் பெண்கள் வந்திருந்தார்கள்."

நான் தமிழில் சொன்னேன். கதிரேசன் நீளமாக மூச்சு விட்டார். உயிர் தப்பியவரின் மூச்சு அது. அந்தப் பெரிய உடம்புக்காரர் யார் என்று உறைத்ததும் அடுத்த நொடியே முகம் மாறிவிட்டது. தவழ்ந்துபோய் டேலின் காலைப் பிடித்துக்கொண்டார். டேல் அவர் தலையில் கை வைத்தார். நான் 'எப்போது' என்று வாயெடுத்திருக்க வேண்டும், கதிரேசன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்பன்னு மட்டும் கேட்டுறாதீக."

இனி போக நினைக்கிறவர்களுக்கு. பனிக்காலத்தில் அல் ஐன் சாலையில் ஒன்பது மணிக்கு முன் போகாதீர்கள், கேமரா இருக்கிறது, எண்பதைத் தாண்டினால் அபராதம். கார் இல்லாதவர்களுக்கு அபுதாபி பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு, முப்பது திர்ஹத்தை ஒட்டி ஆகும். தோப்பை வெயில் வந்த பிறகு பாருங்கள், அது அழகான இடம், என் நேரம்தான் சரியில்லை. வயதானவர்களைப் பார்க்கப் போனால் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் யாராக இருக்கிறார்களோ அவரோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, நெஞ்சு வலி இருந்தால் லீவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கையில் இன்சூரன்ஸ் அட்டை இருந்தால் இங்கேயே பார்த்துவிடுங்கள். இதைக் கதிரேசனிடம் சண்டை போட்டே சொல்ல வேண்டியிருந்தது. வியாழக்கிழமை அவர் போகவில்லை. அல் ஐன் ஆஸ்பத்திரியிலேயே ஸ்டென்ட் வைத்தார்கள், பத்து நாளில் டியூட்டிக்கு வந்துவிட்டார். டிக்கெட்டை எந்தத் தேதிக்கு மாற்றுவது என்று விமானக் கம்பெனியில் கேட்டதற்கு, தேதி போடாமல் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்று கிளம்பும்போது நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். கேட் வரைக்கும் கதிரேசன் கூட வந்தார். பனி அப்போதும் முழுதாக விலகவில்லை. டேல் சொந்தமாக என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் தெரியவே இல்லையே என்றேன். மற்றவர்கள் எல்லாருக்கும் சொல்ல ஆள் இருந்தது, கடைசி ஆளுக்கு யார் சொல்வார்கள் என்றும் கேட்டேன். கதிரேசன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் டேல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மரம் அறுக்குற மில்லுல இருந்தேன்" என்றார் கதிரேசன். "எங்கப்பாரும் அங்கதான். சீசன் முடிஞ்சா மில்லு, மில்லு முடிஞ்சா சீசன். மூணாவது வருசம் முழங்காலு போச்சு, டாக்டரு ஊசி போட்டு மறுபடியும் எறக்கிவிட்டாக. எனக்குப் பேரு வந்ததே இல்ல. முன்னால நின்னு முட்டுறவன் பேர யாரு கேப்பா."

முதுகுளத்தூர்ப் பேச்சுதான். ஆனால் இவ்வளவு மெதுவாகக் கதிரேசன் பேசி நான் கேட்டதில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"மார்க்கு பொறந்தன்னைக்கு நான் வெளியூர்ல ஆட்டத்துல இருந்தேன். அவன் அம்மா தனியாக் கெடந்தா. அதுக்கு வருத்தப்படுறேன்னு அந்தப் பயகிட்ட இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. நீங்க பாத்தீகன்னா சொல்லிருங்க."